பாலைவனத்தில் நகரம்: நிழல் யாருக்கு, வெயில் யாருக்கு?

பாலைவனத்தில் சொர்க்கம் கட்டுகிறோம் என்று எண்ணெய் முதலாளிகள் முரசு கொட்டுகிறார்கள். 170 கிலோமீட்டர் நீளம், 500 மீட்டர் உயரம், 90 லட்சம் மக்கள், புகையே இல்லாத நகரம் என்று சவூதி அரசு 2022-ல் படம் காட்டியது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்த ஹுவைத்தாத் மக்களுக்கோ அங்கே இடமில்லை! வெளியேற மறுத்தவர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டும் சிறையும்.

வறண்ட பூமியில் வாழும் வகையை வெள்ளகோவில் உழைப்பாளிக்கு எவரும் கற்றுத்தர வேண்டாம். கிளுவை வேலியும், வெள்வேல மரமும், கொழுக்கட்டைப் புல்லுமாகக் கொரங்காட்டைக் காத்தவை அவன் கைகள். கட்டடம் மட்டும் போதாது என்பதும் அவன் அறிந்ததே. வட்டமலைக்கரை ஓடையில் அணை கட்டினார்கள். கரை இருந்தது, மதகு இருந்தது, தண்ணீர் இல்லை! கால் நூற்றாண்டு காய்ந்து கிடந்து, 2021-ல்தான் தண்ணீர் வந்தது. நொய்யலில் 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. லாபம் முதலாளியிடம் தங்கியது. நாசமான நிலம் விவசாயிக்கு, வேலையின்மை தொழிலாளிக்கு!

பாலைவன நகரத்தையும் இந்தக் கணக்கில்தான் நாம் நிறுக்கிறோம். கடல்நீரைக் குடிநீராக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். மிஞ்சும் கடும் உப்புநீர் கடலில் கொட்டப்படுகிறது. அதன் கேட்டைச் சுமப்பது யார்? மீனவனே!

நாம் விஞ்ஞானத்தின் விரோதிகள் அல்ல. அபுதாபியின் மஸ்தார் நகரில் தெருக்களைக் குறுக்கி, கட்டடங்களே நிழல் தரும்படி அமைத்தார்கள். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். ஆனால் வளைகுடாவில் நகரங்களைக் கட்டும் தொழிலாளிக்கு எந்த நிழல்? குவைத் மங்காபில் தொழிலாளரை நெருக்கி அடைத்திருந்த கட்டடம் 2024 ஜூன் 12-ல் தீப்பற்றியது. நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர் மாண்டனர். அவர்களில் எழுவர் தமிழகத்தார். சவூதியில் சங்கம் வைக்கவும் உரிமையில்லை!

ஆகவே நாம் கேட்கிறோம்: உச்சி வெயில் நேரத்தில் கூலி வெட்டில்லாத ஓய்வு கொடு! கட்டுகிறவனுக்கு நகருக்குள்ளேயே வீடு கொடு! கழிவுநீரைச் சுத்திகரித்து மரங்களுக்குப் பாய்ச்சு! சங்க உரிமை கொடு! இங்கே, நமது வாய்க்காலின் கடைமடைக்கும் உரிய பங்கைக் கொடு!

தோழர்களே! கட்டியவன் குடியிருக்க முடியாத நகரம், எத்தனை கண்ணாடி மாளிகை நின்றாலும், பாலைவனம்தான். அதைச் சோலையாக்க வல்லது உழைப்போர் ஒற்றுமையே!