வொன்டன் சூப்பும் உம்மாவின் பிரஷரும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

போன சனிக்கிழமை டவுனுக்குப் போனபோது ஒரு சுப்பர் மார்க்கட்டின் ஐஸ் பெட்டிக்குள் இறால் வொன்டன் சூப் பக்கட்டைக் கண்டு ஒன்று வாங்கினேன். மகள் யூடியூபில் பார்த்துவிட்டு மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். விலையை இங்கே எழுத மாட்டேன். உம்மாவும் பேஸ்புக் பார்க்கிறா.

வொன்டன் என்பது பெரிய விஷயமில்லை. கோதுமை மாவில் மெல்லிசாகச் செய்த தோல், உள்ளே அரைத்த இறாலோ இறைச்சியோ, மடித்து சூப்பில் அவிப்பது. சீனாவின் தெற்கில் கன்டோனீஸ் பேசுபவர்கள் அதை எழுதும் எழுத்துக்கு 'மேகத்தை விழுங்குதல்' என்று பொருள் வருமாம். சட்டியில் மிதக்கும்போது பார்த்தால் பொருத்தம்தான். அங்கே வழமையாக உள்ளே வைப்பது பன்றி இறைச்சியும் இறாலும். அதனால்தான் நம்மில் பலர் சைனீஸ் என்றாலே கையை எடுத்துவிடுகிறோம். ஆனால் சீனாவிலேயே ஹூய் முஸ்லிம்கள் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி வைத்து இப்படியான மாவுப் பண்டங்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். உய்குர் வீடுகளில் விரல்நுனி அளவில் செய்து சூப்பில் போடுவதற்கு சோச்சுரே என்று பெயர். ஆகவே இது நமக்கு அந்நியமான சாப்பாடு என்று சொல்ல முடியாது.

ருசி? தோல் வழுக்கிக்கொண்டு போகும், இறால் நன்றாகவே இருந்தது, சூப் மட்டும் கடல் தண்ணி. மகளுக்குப் பிடித்தது. உம்மா ஒரு கரண்டி குடித்துவிட்டு, "கொழுக்கட்டய வெந்நீருக்குள்ள போட்ட கததான்" என்றா. என்றாலும் கோப்பையைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழும்பினா.

நான் சொல்ல வந்த விஷயம் அதற்கு முன் நடந்தது. பக்கட்டை மேசையில் வைத்ததும் உம்மா கேட்ட முதல் கேள்வி, "ஹலாலா மகள்?" திருப்பிக் காட்டினேன். தாய்லாந்தில் செய்தது, அந்நாட்டு இஸ்லாமிய சபையின் முத்திரை இருந்தது. பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு, முத்திரை குத்தி உலகத்துக்கே விற்கிறது. நம் நாட்டில் 2013இல் அந்தச் சின்ன முத்திரைக்காகவே எவ்வளவு கூச்சல், ஜம்இய்யதுல் உலமா சான்றிதழ் கொடுப்பதையே விட்டு, 2014இல் தனி நிறுவனமொன்று பொறுப்பெடுக்கும் வரை எவ்வளவு மனவருத்தம். சரி, அது வேறு கதை.

முத்திரையைக் கண்டதும் உம்மாவுக்கு நிம்மதி. எனக்கும்தான். பக்கட்டை வெட்டி, அவித்து, சாப்பிட்டு முடித்து, குப்பைக்குள் போடும்போதுதான் பின்பக்கத்தை வாசித்தேன். அதுவும் இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பிய பிறகு. ஒரு பரிமாறலில் சோடியம் 900 மில்லிகிராம். பக்கட்டில் இரண்டு பரிமாறல். கணக்குப் போடுங்கள்: 1800 மில்லிகிராம் சோடியம். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும், நாலரை கிராம். வளர்ந்த ஒருவருக்கு முழு நாளுக்கும் 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டி கூட நிறையாது. பிரஷருக்கு இரண்டு வகைக் குளிசை குடிக்கும் என் உம்மாவுக்கு அதில் பாதியை ஒரே கோப்பையில் நானே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். நான் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிற டீச்சர் வேறு!

ஹலால் என்பதோடு தய்யிப் என்பதையும் சேர்த்துத்தான் மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது. முதல் பாதியை நாம் விடாப்பிடியாகப் பார்க்கிறோம், அதில் தவறே இல்லை. இரண்டாம் பாதிக்கு நம் கண் போவதில்லை. முத்திரை, இது ஆகுமானதா என்றுதான் சொல்லும். உங்கள் வாப்பாவின் பிரஷருக்கு, உங்கள் மாமியின் சீனி வருத்தத்துக்கு ஏற்றதா என்று அது சொல்லாது.

இதை வைத்து "அந்தக் காலத்துல எல்லாம் கையால அரைச்சோம்" என்று யாரும் தொடங்க வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எழும்பி, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, ஏழரைக்குப் பாடசாலையில் கையொப்பம் வைக்கிற பெண்ணுக்கு ஐஸ் பெட்டி ஒரு ரஹ்மத்துதான். அதோடு நம் சமையலும் சுத்தமில்லை. கருவாடு, ஊறுகாய், நோன்புக் கஞ்சிக்குள் போடுகிற சூப் கட்டி, எல்லாவற்றிலும் உப்புதான். வொன்டனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

திங்கட்கிழமை தரம் 9 பிள்ளைகளிடம் வீட்டிலுள்ள வெற்றுப் பக்கட்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். மேசை நிறைந்துவிட்டது. இனிப்புப் பானங்களில் 2016 முதல் இருக்கிற சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்கள் எதற்கு என்று கேட்டேன். அரைவாசிப் பேருக்கு அது அழகுக்கு. சில பக்கட்டில் தமிழ் எழுத்து எறும்பு அளவு, சிலதில் தேடினாலும் இல்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவார்கள். அவர்களுடைய உம்மம்மா என்ன செய்வா? கடைக்காரரிடம் கேட்பா, அவரும் முத்திரையைத்தான் காட்டுவார்.

அப்போது பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், எங்கட உம்மா சமூசா செஞ்சு ஐஸ் பண்ணி விக்கிறா. அந்தப் பேக்குல ஒண்டுமே எழுதல்லியே?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிக்க முடியவில்லை. அவனுடைய வாப்பா இல்லை. அந்த சமூசாவில்தான் வீடு ஓடுகிறது. நானும் நோன்பு காலத்தில் அவவிடம் வாங்குகிறவள்தான்.

நம்மூரில் எத்தனை சகோதரிகள் இப்படி ரோல்ஸ், சமூசா, கட்லட் செய்து விற்கிறார்கள்! சுப்பர் மார்க்கட் பக்கட்டில் குறை கண்டுபிடிக்கிற நாம் அந்த வெள்ளைப் பொலித்தீன் பையைப் பற்றிப் பேசுவதில்லை, பேசினால் பிழைப்பில் மண் போட்டதாகிவிடும் என்ற பயம். நான் சொல்வது வாங்காதீர்கள் என்றல்ல. வாங்குங்கள், கூடவே கேளுங்கள். செய்த திகதி, உள்ளே என்ன, கோழியா மாடா, முட்டை உண்டா. ஒரு துண்டு டேப்பும் பேனையும் போதும். முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று நம் பாடசாலையிலேயே இருக்கிறது.

ஐஸ் விஷயத்தில் இன்னொன்று. உறைந்த சாப்பாடு மறை 18 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்தில் எத்தனை பெட்டி உருகி மறுபடி உறைந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இப்போதும் பில்லுக்குப் பயந்து இரவில் பெட்டியை நிறுத்துகிற கடை இருக்கிறது, நான் ஒரு கடையில் கண்ணால் கண்டேன். வாங்கும்போது பக்கட்டைக் குலுக்கிப் பாருங்கள். வொன்டனோ சமூசாவோ தனித்தனியாக உருள வேண்டும். எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாக, உள்ளே பனித்தூள் நிறைந்து இருந்தால் ஒருமுறை உருகியிருக்கக் கூடும். வைத்துவிட்டு வாருங்கள்.

மகள் இன்னொரு பக்கட் கேட்கிறாள். வாங்கிக் கொடுப்பேன். சூப் தூளில் பாதியை வெளியே போட்டுவிட்டு, கொஞ்சம் இஞ்சி, வெங்காயத்தாள், மிளகு போட்டு, தண்ணீரைக் கூட்டி அவிப்பதாக யோசனை. உம்மாவுக்கு வொன்டன் மட்டும், சூப் இல்லை.

நேற்று அந்தப் பிள்ளையின் உம்மாவுக்குக் கோல் எடுத்து 50 சமூசாவுக்குச் சொன்னேன். பையில் திகதியை எழுதித் தாங்க என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஏன் டீச்சர், எங்கள நம்பல்லியா?" என்றா.

"உங்கள நம்புறன் ராத்தா, என்ட பிரிட்ஜத்தான் நம்பல்ல. போன நோன்புல வாங்கினதும் உள்ளுக்கு ஒரு பை கிடக்கு, எப்ப வாங்கினதெண்டு தெரியா" என்றேன். சிரித்துவிட்டா. எழுதித் தாறாவாம்.