மூளைக் காய்ச்சல்: கோலார் வைரஸும் 30 ஆண்டுத் தாமதமும்

ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றதும் தில்லியில் கோரக்பூரின் பெயர்தான் பேசப்படுகிறது. 2005-ல் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், பலியானதே அதற்குக் காரணம். ஆனால் இந்நோயின் இந்திய வரலாறு தெற்கில் தொடங்குகிறது. 1955-ல் வேலூர்ப் பகுதியில்தான் இது முதலில் அடையாளம் காணப்பட்டது. பின்னர் பெங்களூருவை அடுத்த கோலார் மாவட்டத்தில் மூளை அழற்சியால் இறந்தவர்களிடமிருந்து ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வைரஸ், மேற்கு நைல் வைரஸ் ஆகிய இரண்டும் பிரித்தெடுக்கப்பட்டன. இரண்டுமே க்யூலெக்ஸ் கொசுக்களால் பரவுபவை.

நெல் வயல்களில் பெருகும் இக் கொசுக்கள், பன்றிகளிடமிருந்தும் கொக்கு, நாரை போன்ற நீர்ப் பறவைகளிடமிருந்தும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வைரஸைப் பெறுகின்றன. மனிதர் இதில் தற்செயலாகச் சிக்குபவர்தான். அவரது ரத்தத்தில் வைரஸ் போதிய அளவு பெருகாததால், அவரைக் கடிக்கும் கொசு மூலம் நோய் பிறருக்குப் பரவுவதில்லை.

தொற்று ஏற்பட்ட சுமார் 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. கொசு கடித்த இடத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் பெருகும் வைரஸ், ரத்தத்தில் கலந்து மூளையின் பாதுகாப்பு அரணைக் கடக்கிறது. நரம்பு செல்களுக்குள் பெருகி அவற்றை அழிக்கிறது. அதோடு முடிந்துவிடுவதில்லை. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா, வைரஸை எதிர்க்க வெளியிடும் அழற்சிப் பொருள்கள், தொற்று இல்லாத அண்டை செல்களையும் கொல்கின்றன. பாதுகாப்பு அரணும் மேலும் தளர்கிறது. தில்லியை அடுத்த மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுகள், மூளையின் தண்டு செல்களும் பாதிக்கப்படுவதை எலிகளில் காட்டின. சிதைந்த இடங்களைச் சீரமைக்கும் ஆற்றலே குறைந்துபோகிறது என்பது இதன் பொருள்.

தலாமஸ் போன்ற ஆழ்பகுதிகளே பெரிதும் பாதிக்கப்படுவதால், பார்க்கின்சன் நோயாளியைப் போல் சிலருக்குக் கைகால் விறைத்து, முகம் உணர்ச்சியற்றுப் போகிறது. நோய் கண்டவர்களில் 30 சதவீதம் வரை இறக்கக்கூடும். பிழைத்தவர்களிலும் பலர் வலிப்பு, பேச்சிழப்பு, அறிவுத்திறன் குறைவு ஆகியவற்றோடு வீடு திரும்புகின்றனர். வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை.

நோயைக் கண்டறிவதும் எளிதல்ல. அறிகுறி தோன்றும் நேரத்தில் ரத்தத்திலிருந்து வைரஸ் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் நீரில் எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். இதற்கான உயர்நிலை ஆய்வகங்களில் ஒன்று பெங்களூரு நிம்ஹான்ஸ். தாலுகா மருத்துவமனையில் அந்த நீரை எடுக்கவே ஆளில்லாவிட்டால் உயர்நிலை ஆய்வகம் இருந்து என்ன பயன்? பரிசோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கோரக்பூரே சாட்சி. தடுப்பூசிக்குப் பின்னரும் அங்கு தொடர்ந்த மூளை அழற்சியில் பெரும்பகுதிக்கு, எளிய ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும் ஸ்க்ரப் டைபஸ் காரணம் என்பது பல ஆண்டுகள் கழித்தே தெளிவானது.

ஆகவே தடுப்பூசியே முதல் அரண். கோலாரில் 1980-களின் தொடக்கத்தில் கிடைத்த வைரஸிலிருந்துதான் புணே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தின் துணையோடு பாரத் பயோடெக் உள்நாட்டுத் தடுப்பூசியை உருவாக்கியது. அது வெளிவந்தது 2013-ல். இடைப்பட்ட காலத்தில் கசௌலியில் எலி மூளையிலிருந்து தயாரான தடுப்பூசி தேவைக்குப் போதவில்லை. 2006-ல் கர்நாடகம் உள்பட 4 மாநிலங்களில் இயக்கம் தொடங்கியபோது சீனத் தடுப்பூசியைத்தான் இறக்குமதி செய்ய நேர்ந்தது. வைரஸிலிருந்து தடுப்பூசி ஒரே நாளில் வந்துவிடாது என்பது உண்மைதான். ஆயினும் கோரக்பூர் மரணங்கள் தலைப்புச் செய்தியாகும்வரை அரசுகளிடம் அவசரம் இல்லை என்றே கருத வேண்டியுள்ளது.

கர்நாடகத்தில் எஞ்சிய மாவட்டங்கள் பலவற்றில் 1 முதல் 15 வயது வரையிலான சுமார் 48 லட்சம் குழந்தைகளுக்கான இயக்கம் 2022 டிசம்பரில்தான் தொடங்கியது. பெரியவர்களுக்கான தடுப்பூசியோ அஸ்ஸாம், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகியவற்றின் குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு என வகுக்கப்பட்டது. கோலாரிலும் விழுப்புரத்திலும் அந்தி நேரத்தில் நாற்றங்காலில் நிற்கும் விவசாயத் தொழிலாளி அந்தக் கணக்கில் வரவில்லை.