ஊக்க ஊதியம் பட்டத்திற்கா, பாடத்திற்கா?

கற்பிப்பவர் கற்பதை நிறுத்திவிட்டால் வகுப்பறை தேங்கிய குளமாகிவிடும். இதை மறுப்பார் எவருமிலர். ஆனால் பணியில் சேர்ந்த பின் மேலும் கற்க விரும்பும் ஆசிரியருக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்று கேட்டால் பலரும் வாய்மூடி விடுகின்றனர். நம் கல்லூரியில் பயிலும் மாணவர்களில் பலர் நாளை கரும்பலகையின் முன் நிற்கப் போகின்றவர்கள். ஆதலின் இக்கேள்வி நமக்கும் உரியதே.

தமிழகத்தில் இதற்கு நெடுங்காலம் ஒரு விடை இருந்தது. 1969ஆம் ஆண்டு அரசாணையைத் தொடர்ந்து, உயர்கல்வித் தகுதி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஊக்க ஊதிய உயர்வு வழங்கப்பட்டு வந்தது. பட்டதாரி ஆசிரியர் ஒருவர் தம் பாடத்தில் முதுகலைப் பட்டம் பெற்றால் இரண்டு ஊதிய உயர்வுகள், பின்னர் எம்.எட். முடித்தால் மேலும் இரண்டு. பணிக்காலம் முழுவதற்கும் அவ்வளவே வரம்பு. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய பின், சிற்றூர்ப் பள்ளியில் பணியாற்றியவருக்கும் முதுகலை கைக்கெட்டும் கனியாயிற்று.

2020 மார்ச் 10ஆம் நாளிட்ட அரசாணை இம்முறையை நிறுத்தியது. 2021 நவம்பரில், அரசுப் பணியிலிருந்து கொண்டே உயர்கல்வி முடிப்போருக்கு ஒரே தடவை வழங்கும் தொகை அறிவிக்கப்பட்டது. முதுகலைக்கு 20,000 ரூபாய். முனைவர் பட்டத்திற்கு 25,000 ரூபாய். சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தின்படி பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். ஓர் ஊதிய உயர்வு 3 விழுக்காடு எனில், இரண்டும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 2,200 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்க்காமலேயே ஆண்டுக்கு 26,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஓய்வு பெறும்வரை மாதந்தோறும் வரவேண்டியது, ஓராண்டு வரவுக்கும் குறைவான தொகையோடு முடிந்துவிட்டது. இதனை ஊக்கம் என்றழைப்பது பொருந்துமா?

எனினும் பழைய முறையைப் போற்றுவோரும் இரண்டு குறைகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, பட்டச் சான்றிதழைக் காட்டினால் போதும். அந்தப் படிப்பு வகுப்பறைக்குள் வந்து சேர்ந்ததா என்று எவரும் பார்த்ததில்லை. இரண்டாவது, உதவி வந்ததெல்லாம் படித்து முடித்த பிறகே. கட்டணம் கட்டவும் நூல்கள் வாங்கவும் பணம் தேவைப்படுவதோ படிக்கும்போது! பயிர் வாடும்போது விடாத தண்ணீரை அறுவடைக்குப் பின் விடுவது போன்றதன்றோ இது?

வகுப்பறையையே அளந்து பார்த்துப் பாராட்டும் முறை ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. ஆசிரியர்களின் உயர்தகுதிக்கென 1987இல் அங்கு ஒரு தேசிய வாரியம் நிறுவப்பட்டது. அதன் சான்றிதழைப் பெற விழைபவர் தம் பாடத்தில் தேர்வு எழுதுவதோடு, தாம் பாடம் நடத்துவதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். மாணவர்கள் எழுதியவற்றையும், அவற்றிலிருந்து தாம் கண்டறிந்தவற்றையும் விளக்கி எழுத வேண்டும். இச்சான்றிதழ் பெற்றவருக்கு வட கரோலினா மாநிலம் 12 விழுக்காடு கூடுதல் ஊதியம் தருகிறது. தயாரிப்பிற்கென மூன்று நாள் ஊதிய விடுப்பும் அளிக்கிறது. வாஷிங்டன் மாநிலம் 2007இல், ஏழை மாணவர் மிகுந்த பள்ளிகளில் பணியாற்றும் சான்றிதழ் ஆசிரியருக்குத் தனியே மேலும் ஒரு தொகை வழங்க வழிசெய்தது. அங்கும் எல்லாம் நிறைவாக இல்லை. உதவி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பெருந்தொகையாகிய கட்டணத்தைத் தாமே சுமப்போரும் உளர். ஆயினும் பணம் எதற்காகத் தரப்படுகிறது என்பதில் அங்கே ஒரு தெளிவு இருக்கிறது.

அத்தெளிவு நமக்கும் வேண்டும். ஊக்க ஊதிய உயர்வு மீண்டும் வரவேண்டும். ஆனால் அது ஆசிரியர் கற்பிக்கும் பாடத்தோடும், கற்பிக்கும் திறனோடும் இணைந்ததாக இருத்தல் வேண்டும். கட்டணத்தில் ஒரு பகுதியைச் சேரும்போதே அரசு ஏற்றல் வேண்டும். தேர்வு நாட்களுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு வேண்டும். மலைப்பகுதிப் பள்ளியிலும் பேருந்து எட்டாத ஊர்ப் பள்ளியிலும் இருந்துகொண்டு படிப்பவருக்குக் கூடுதலாக உதவ வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் ஏது என்பர் சிலர். முதுகலை முடித்த ஓர் ஆசிரியர் இருபது ஆண்டு பணியாற்றினால், ஆண்டுக்கு நூறு மாணவர் வீதம் இரண்டாயிரம் பேருக்கு அக்கல்வி போய்ச் சேரும். அந்த இரண்டாயிரம் பேரையும் வரவில் எழுதிய பிறகு செலவைக் கணக்கிடுவோமாக!