கட்டுச்சோறும் தவக்குலும்: ஒவ்வாமை உள்ளவர்களோடு உம்ரா செல்வோர் கவனத்திற்கு



அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டார மஹல்லாக்களிலிருந்து குடும்பத்தோடு உம்ராவுக்குப் புறப்படுவோர், இஹ்ராம் எங்கே கட்டுவது, தவாஃபை எப்படித் தொடங்குவது என்றெல்லாம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிகின்றனர். ஆனால் வேர்க்கடலையோ எள்ளோ முட்டையோ பட்டாலே தொண்டை வீங்கி மூச்சடைக்கும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லும் பெற்றோரின் கேள்வி வேறு: “இவனுக்கான உணவை இங்கிருந்தே எடுத்துச் செல்லலாமா?” இக்கேள்விக்கு நம்மிடையே கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். “அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறீர்கள், அவன் பார்த்துக்கொள்வான். அந்தப் பூமியின் உணவு எவரையும் ஒன்றும் செய்யாது.”

நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இப்பதிலை நாம் ஏற்க இயலாது. யமன் நாட்டவர் சிலர், “நாங்கள் அல்லாஹ்வைச் சார்ந்திருப்பவர்கள்” என்று கூறிக்கொண்டு பயண உணவின்றி ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் பிறரிடம் கையேந்தினர். வழித்துணை உணவை எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் வசனம் (அல்குர்ஆன் 2:197) அப்போதுதான் அருளப்பட்டது என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. அதே வசனம் சிறந்த வழித்துணை இறையச்சமே என்றும் கூறுகிறது. உணவுப் பையும் இறையச்சமும் ஒரே வசனத்தில் இடம்பெற்றிருக்க, ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக நிறுத்துவது முறையன்று.

ஹிஜ்ரத்தின்போது அண்ணலாருக்கும் (ஸல்) தம் தந்தைக்கும் உணவு கட்டிக்கொடுத்த அஸ்மா (ரலி), பையைக் கட்டக் கயிறு கிடைக்காமல் தம் இடுப்புக் கச்சையையே இரண்டாகக் கிழித்தார். ‘இரு கச்சுடையவர்’ என்ற சிறப்புப் பெயர் அவருக்கு அதனால் வந்தது. அல்லாஹ்வின் தூதருடைய பயணத்திலேயே கட்டுச்சோறு இருந்தது எனில், ஒவ்வாமையுள்ள குழந்தைக்காக ஒரு தாய் கட்டும் பொட்டலம் எப்படி நம்பிக்கைக் குறைவாகும்?

உணவை மறுப்பது பரக்கத்தை மறுப்பதாகாதா எனச் சிலர் கேட்கலாம். பொரித்த உடும்பு விருந்தில் வைக்கப்பட்டபோது, தம் ஊர் வழக்கத்தில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை எனக் கூறி நபியவர்கள் (ஸல்) கையை எடுத்துக்கொண்டார்கள், காலித் பின் வலீத் (ரலி) அதே உணவை உண்டார், அவரைத் தடுக்கவுமில்லை. மனம் ஒப்பாமைக்கே இவ்வளவு இடமுண்டு என்றால், உயிருக்கு ஆபத்து இருக்கையில் எவ்வளவு இடமிருக்க வேண்டும்!

ஆபத்து என்பது வெறும் பேச்சன்று. 2016 ஜூலையில் லண்டனிலிருந்து பிரான்ஸுக்குச் சென்ற நடாஷா எட்னன்-லப்பரூஸ் என்னும் 15 வயதுச் சிறுமி, விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியை உண்டு அன்றே உயிரிழந்தாள். மாவிலேயே எள் கலந்திருந்தது. உறையில் அது எழுதப்படவில்லை. அவளுடைய பெற்றோரின் போராட்டத்தால், கடையிலேயே தயாரித்து உறையிட்டு விற்கும் உணவிலும் சேர்மானங்களை எழுத வேண்டும் என்ற சட்டம் 2021 அக்டோபர் 1 முதல் அங்கு நடைமுறைக்கு வந்தது. அரபு நாட்டு உணவில் எள்ளுக்குப் பெரிய இடமுண்டு. ஹும்முஸிலும் ஹல்வாவிலும் சேரும் தஹீனா, எள்ளை அரைத்த விழுதுதான். பேரீச்சம் பழத்துக்குள் பாதாம் வைத்து விற்பதும் அங்கு வழக்கம்.

ஆகவே உணவை எடுத்துச் செல்லுங்கள் என்றே நாம் கூறுவோம். ஆனால் எல்லையைக் கடக்கும் உணவுக்குச் சட்டமும் உண்டு. முந்திரியும் வேர்க்கடலையும் ஆகாத பிள்ளைக்கு, குருமா கெட்டிப்பட நம் தாய்மார்கள் கசகசாவை அரைத்துச் சேர்ப்பார்கள். மசாலாப் பொடி திரிக்கும்போதும் அது கலந்துவிடும். நம் நாட்டில் கசகசா மளிகைக்கடைச் சரக்கு. சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை என்பதால் அதைப் போதைப்பொருள் வழக்காகவே கருதுவார்கள். வீட்டில் பிள்ளையைக் காக்கும் பொடியே ஜித்தா விமான நிலையத்தில் தந்தையைச் சிறைக்கு அனுப்பக்கூடும். ஆகவே பயணத்துக்கான பொடியைக் கசகசா இன்றித் தனியே திரியுங்கள். அண்டைவீட்டார், “அங்கிருக்கும் என் மகனிடம் கொடுத்துவிடுங்கள்” என்று தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

கொப்பரையையும் தவிர்க்க வேண்டும். எண்ணெய் மிகுந்த அது, தானே தீப்பற்றக்கூடிய சரக்கு வகையில் விமானத் துறையினரால் வைக்கப்பட்டுள்ளது. ஊறுகாய் போன்ற நீர்ப்பதமானவற்றைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள். மருந்தும் மருத்துவர் சீட்டும் மட்டும் எப்போதும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பிள்ளைகளைக் காண பிரிட்டன் செல்வோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் அங்கு கொண்டுசெல்லக் கூடாது. குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணத்துக்கான சிறப்பு உணவுக்கும் ஒருவருக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு. ஆயினும் அது குளிர்பதனம் தேவைப்படாத, நிறுவன முத்திரையுள்ள, பிரிக்காத உறையாக இருக்க வேண்டும். வீட்டில் சுண்டவைத்த பால்கோவா, மருத்துவர் சீட்டு இருந்தாலும் அந்த விலக்கில் வராது. ஆஸ்திரேலியாவிலோ, எடுத்துவரும் உணவைப் பயண அட்டையில் அறிவிப்பது கடமை, மறைத்தால் அபராதம். விசா பெற்று ஒரு நாட்டுக்குள் நுழைவது உடன்படிக்கை செய்வதாகும். உடன்படிக்கையை நிறைவேற்றுமாறு குர்ஆன் (5:1) கட்டளையிடுகிறது. எனவே, “சோதனையில் மாட்டாமல் தப்பிவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்வது நன்றி கூறுவதாகாது.

இந்தச் சுமை முழுவதையும் பெற்றோரின் தலையில் ஏற்றுவதும் நியாயமன்று. நம் பகுதியில் உம்ரா குழுக்களை நடத்துவோர், பதிவுப் படிவத்தில் கடவுச்சீட்டு எண்ணைக் கேட்கும்போதே, “எந்த உணவு ஒவ்வாது?” என்றும் கேட்கட்டும். மக்காவில் சமைப்பவரிடம் அப்பட்டியல் முன்கூட்டியே சென்று சேரட்டும்; ஒரு சிறு பாத்திரமும் கரண்டியும் தனியே இருக்கட்டும்.

மதரஸாக்களாகிய நமக்கும் ஒரு பங்குண்டு. நாம் கற்பிக்கும் அரபி மொழி இங்கே ஓர் உயிரைக் காக்கும். ஹஸாஸிய்யா என்றால் ஒவ்வாமை. ஃபூல் சூதானி என்றால் வேர்க்கடலை. சிம்சிம் என்றால் எள். சமையற்கூடத்தில் உருது பேசுவோர் இருந்தால் மூங்ஃபலி, தில் என்பன முறையே அவற்றின் பெயர்கள். இவற்றை இரு மொழிகளிலும் எழுதிய ஓர் அட்டையைப் பயணிக்கு இலவசமாக எழுதிக்கொடுக்க நம் மாணவர்களுக்குப் பத்து நிமிடம் போதும். ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலத்தையே வாழவைத்தவர் போன்றவர் என்னும் கருத்துடைய வசனத்தை (5:32) ஓதும் பிள்ளைகள், அதைச் செயலிலும் கற்கட்டும்.

உடலையும் அமானிதமாகத் தந்த வல்ல நாயன், அதைப் பேணி, ஹலாலான வழியில் பயணம் செய்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட உம்ராவோடு நம் மக்கள் அனைவரும் வீடு திரும்ப அருள்புரிவானாக! ஆமீன்.