வழி இல்லாத வழியோரச் சிலுவைகள்

ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பும் நம்மவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஜெர்மனியைப் பற்றி ஒரு பத்தி தவறாமல் இடம்பெறும். பழைய கட்டடம் ஒன்றின் சுவரில் சிறு பலகை; அதில் 'டெங்க்மால்', அதாவது நினைவுச்சின்னம், என்ற சொல். அதைக் கண்டு கட்டுரையாளர் நெகிழ்ந்து நிற்பார். 'வரலாற்றைப் பேணத் தெரிந்த இனம்' என்று ஒரு வாக்கியம் எழுதுவார். அடுத்த பத்தியில் ரொட்டிக் கடைக்குப் போய்விடுவார். இந்த நெகிழ்ச்சியின் மீது எனக்கு நெடுநாளாக ஓர் ஆட்சேபம் உண்டு. பலகையைப் பார்த்து மகிழ்பவர்கள், அது எதை, யாரிடமிருந்து காக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் எர்கெலென்ஸ் என்ற ஊரின் பெயர் நம் கட்டுரைகளில் ஒருமுறையேனும் வந்திருக்கும்.

எர்கெலென்ஸ், ரைன் ஆற்றுக்கு மேற்கே, நெதர்லாந்து எல்லையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு சிறு நகரம். நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தைச் சேர்ந்தது. சுற்றுப்புறக் கிராமங்கள் பலவும் அதன் நிர்வாக எல்லைக்குள் அடங்கும். 1540இல் நகரம் தீக்கிரையானது. 1546இல் புதிய நகரமன்றக் கட்டடம் எழுந்தது. 1945 பிப்ரவரியில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் நகரம் மீண்டும் தரைமட்டமானது. பதினைந்தாம் நூற்றாண்டுத் தேவாலயக் கோபுரம் எப்படியோ தப்பி நின்றது. நகரமன்றத்தைப் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினார்கள். இடிபாட்டிலிருந்து தங்கள் ஊரை மீட்டெடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பாதுகாக்கத் தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை.

அந்த மாநிலத்தில் 1980இல் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் உள்ள சின்னங்களைப் பட்டியலிட வேண்டும். எர்கெலென்ஸின் பட்டியலில் தேவாலயங்களும் பண்ணை வீடுகளும் மட்டுமல்ல, வயல் முனைகளில் நிற்கும் வழியோரச் சிலுவைகளும், பழைய கல்லறைக் கற்சிலுவைகளும் உண்டு. இந்தத் தாராள மனம் பாராட்டுக்குரியது. அரண்மனையையும் பேராலயத்தையும் காப்பது எந்த அரசுக்கும் எளிது. யாரோ ஒரு குடியானவர் தம் மனைவியின் பெயரோடு தம் பெயரையும் பொறித்து நட்ட கல்லை அவற்றுக்குச் சமமாகப் பட்டியலில் சேர்ப்பதற்கு ஒரு பண்பாட்டு முதிர்ச்சி வேண்டும். பட்டியலில் ஏறிய வீட்டின் சொந்தக்காரர் அனுமதியின்றி அதன் சன்னலைக்கூட மாற்ற முடியாது.

அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. மேலோங்கிய பொதுநலன் கோருமானால் இடிப்பதற்கும் அனுமதி உண்டு. கனிமம் அகழ்வதற்கென்றே தனியாகச் சிறப்பு விதிகளும் உண்டு. சன்னலுக்கு ஒரு சட்டம், சுரங்கத்துக்கு ஒரு சட்டம்!

எர்கெலென்ஸின் கிராமங்களுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. நெய்வேலியில் எடுப்பதும் இந்த வகைதான்; அங்கு மண்ணை வாரிய சக்கர வாளி இயந்திரங்கள்கூட ஜெர்மனியிலிருந்து வந்தவையே. 'கார்ட்ஸ்வைலர்-2' என்ற திறந்தவெளிச் சுரங்கத் திட்டத்துக்கு 1995இல் மாநில அரசு ஒப்புதல் அளித்தது. எர்கெலென்ஸ் நகராட்சி அதைப் பல்லாண்டுகள் எதிர்த்தது, நீதிமன்றமும் சென்றது. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனாலும் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் நகராட்சிக்குப் பட்டியலில் உள்ளதைக் காக்கும் அதிகாரம் இல்லை என்பதுதான் நடந்த கதை.

அந்தக் கிராமங்களில் ஒன்று இம்மெராத். அங்கிருந்த புனித லம்பெர்ட்டுஸ் தேவாலயம் 1888 முதல் 1891 வரை கட்டப்பட்டது. பிஸ்மார்க் அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் இடையே நடந்த நீண்ட பூசல் 1887இல்தான் ஓய்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டே ஒரு கிராமம் இரட்டைக் கோபுரம் எழுப்பத் துணிந்ததன் பெருமிதம் விளங்கும். ஊருக்கு மிஞ்சிய அளவு. அதனாலேயே மக்கள் அதைப் பேராலயம் என்ற பொருளில் 'இம்மெராத் டோம்' என்றார்கள். ஆயர் யாரும் அங்கு வீற்றிருக்கவில்லை. 1985இல் அது பட்டியலில் சேர்ந்தது. 2013 அக்டோபரில் திருச்சபை முறைப்படி அதன் புனிதநிலையை நீக்கியது. சுரங்கத்துக்கு எதிரான வழக்கில் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று. அதாவது நாட்டின் உச்ச மன்றம் வாய் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே ஆண்டவர் வெளியேற்றப்பட்டுவிட்டார். சட்டத்தைக் குறை சொல்லும் நாம் இந்த அவசரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிலமிழப்போர் முன்கூட்டியே நீதிமன்றத்தை நாட அத்தீர்ப்பு வழி திறந்தது. ஆனால் சுரங்கத்தைத் தடுக்கவில்லை. நாட்டுக்குள் விரும்பிய இடத்தில் வாழும் உரிமை என்பது, நிலப் பயன்பாட்டு விதிகள் இடம் தராத இடத்திலேயே தங்கியிருக்கும் உரிமை ஆகாது என்றது மன்றம். 2018 ஜனவரி 8 அன்று இடிப்பு தொடங்கியது. கிரீன்பீஸ் இயக்கத்தினர் உள்ளே புகுந்து சில மணி நேரம் தடுத்தார்கள். மறுநாள் கோபுரங்கள் விழுந்தன. அந்தப் படக்காட்சி இணையத்தில் கிடைக்கிறது. நீண்ட கை கொண்ட இயந்திரம் கூரையைக் கடித்துத் துப்புவதைப் பார்க்கலாம்.

இடிப்புக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டவற்றில், இலக்கிய வாசகர்களும் எளிதில் மயங்கக்கூடிய ஒன்று உண்டு. அது பழமையான கட்டடமே அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டு 'புதுரோமானிய' நகல், கலைமதிப்பு குறைவு என்பது. நகல் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வேளாண் சமூகம் தன்னால் இயன்ற மிகப் பெரிய ஆசையை எந்த வடிவில் கண்டதோ அந்த வடிவம்தான் அதன் வரலாறு. அசலை மட்டும் காப்பேன் என்பது அருங்காட்சியக முதலாளியின் மனநிலை, வரலாற்றாசிரியனுக்கு உரியதல்ல.

தொல்லியல் வாதம் இதைவிட நயமானது. தோண்டினால்தானே அறிவு கிடைக்கும் என்பார்கள். எர்கெலென்ஸின் குக்கோவன் பகுதியில் ஜல்லிக் குழி ஒன்றில் 1990இல் கண்டெடுத்த கிணறு கி.மு. 5090 அளவில் வெட்டப்பட்ட ஓக் மரங்களால் ஆனது. உலகின் மிகப் பழைய மரக் கட்டுமானங்களுள் ஒன்று. குழி வெட்டாவிட்டால் அது வெளிப்பட்டிருக்காது, உண்மை. ஆனால் மண்ணுக்குள் மறைந்திருந்த ஒன்று தெரியவந்தது என்பதற்காக, கண்முன்னே நிற்கும் ஒன்றை மண்ணாக்கலாம் என்று எப்படி ஆகும்?

எல்லாவற்றையும் அளந்து படமெடுத்து ஆவணப்படுத்தியாயிற்று, பெயர்க்கக்கூடியதைப் பெயர்த்துப் புதிய ஊரில் வைத்தாயிற்று, எதுவும் இழக்கப்படவில்லை என்பதுதான் அதிகாரிகளுக்குப் பிடித்த சமாதானம். இங்கேதான் வழியோரச் சிலுவையைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

கல்வெட்டுப் பாடத்தின் முதல் வகுப்பில் மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கல் எங்கே நின்றது என்று குறிக்காத படி, பாதிப் படி. ரைன்லாந்தின் வழியோரச் சிலுவைகளுக்கு இது முற்றிலும் பொருந்தும். பெரும்பாலானவை பதினேழு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலானவை. நட்டவர் பெயர், ஆண்டு, ஒரு வேண்டுதல். சிலவற்றில் ஆண்டு எண்ணாக இராது. வாசகத்தின் நடுவே சில எழுத்துகள் மட்டும் பெரிதாகச் செதுக்கப்பட்டிருக்கும். அவற்றை ரோம எண்களாகக் கூட்டினால் ஆண்டு கிடைக்கும். (கற்றச்சனும் ஊர்ப் பாதிரியாரும் சேர்ந்து உட்கார்ந்து இந்தச் சொல்விளையாட்டை ஆடியிருப்பார்கள் என்று நினைக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.) அந்த வாசகங்களில் பல, கடந்து போகிறவனை விளித்துப் பேசுபவை: நில், எங்களுக்காக ஒரு செபம் சொல் என்று கேட்பவை. ஏறுதிருநாளுக்கு முந்தைய நாள்களில் விளைச்சலுக்காக வேண்டிக்கொண்டு ஊரார் வயல் வழியே பவனி போகும்போது நின்று செபிக்கும் நிலையங்களும் இவைதாம். இவற்றுக்கும் முந்தியவை ஜெர்மானிய நிலங்களின் கழுவாய்ச் சிலுவைகள். கொலை செய்தவன், கொல்லப்பட்டவனின் குடும்பத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கைப்படி நட்ட கற்கள். 1532இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் குற்றவியல் சட்டம் வந்தபின் அவ்வழக்கம் மறைந்தது.

ஆகவே கல் பாதி, இடம் பாதி. அதைப் பெயர்த்துப் புதிய குடியிருப்பின் புல்வெளியில் வைத்தால், எழுத்து அப்படியே இருக்கும். அது யாரை விளிக்கிறதோ அவன் இருக்கமாட்டான். அந்த வழியே இல்லை. வழி போன வயலும் இல்லை. வயலின் மண்ணையே வாரி எடுத்தாயிற்று. ஆவணத்தில் 'இடமாற்றம்' என்ற சொல் இருக்கும். நான் அதை அழிப்பு என்றே சொல்வேன்.

கல்லறைகளைப் பற்றி ஒரு குறுக்குக் கேள்வி வரும் என்று தெரியும். ஜெர்மனியில் கல்லறை நிரந்தரமல்ல. பெரும்பாலும் 20 முதல் 30 ஆண்டுகளுக்கான உரிமைதான். காலம் முடிந்து புதுப்பிக்காவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். யூதக் கல்லறைத் தோட்டங்கள் மட்டும் சமய நெறிப்படி என்றைக்கும் கலைக்கப்படாதவை. அப்படியிருக்க, இம்மெராத்தின் இறந்தோரைத் தோண்டியெடுத்துப் புதிய ஊரில் புதைத்ததில் என்ன குறை? குறை இதுதான். உரிமைக் காலம் முடிந்து கலையும் கல்லறை, அந்த ஊரின் மறதியால் கலைகிறது. பேரன் வரவில்லை, கொள்ளுப்பேரன் வேறு ஊரில் இருக்கிறான். மறப்பதற்கும் ஓர் ஊருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைச் சுரங்க அட்டவணை எடுத்துக்கொள்வது வேறு. மறுபுதைப்பு ஏற்பாட்டில் மரியாதைக் குறைவு இருந்தது என்று நான் சொல்லவில்லை. எத்தனை மரியாதையாகச் செய்தாலும், தேதியைக் குறித்தது துக்கப்பட்டவர் அல்ல.

இவ்வளவும் தவிர்க்கமுடியாத தியாகம் என்றால் ஒருவேளை வாயை மூடிக்கொள்ளலாம். அதுவும் இல்லை. 2016இல் மாநில அரசு தன் முடிவை மாற்றிச் சுரங்க எல்லையைச் சுருக்கியது. ஹோல்ட்ஸ்வைலர் என்ற கிராமம் தப்பியது. 2022 அக்டோபரில் மத்திய அரசும் மாநில அரசும் ஆர்.டபிள்யூ.இ. நிறுவனமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அந்த வட்டாரத்தில் நிலக்கரி மின்னுற்பத்தி 2038க்குப் பதில் 2030இலேயே முடிய வேண்டும். மேலும் ஐந்து கிராமங்கள் தப்பின. லூட்செராத் மட்டும் பலியானது. 2023 ஜனவரியில் காவல்துறை அங்கிருந்தவர்களை வெளியேற்றியதை உலகமே பார்த்தது. 'மேலோங்கிய பொதுநலன்' என்ற சொற்றொடர் எவ்வளவு நெகிழக்கூடியது என்பதற்கு இந்த ஆண்டுகளே சான்று. 2018இல் கோபுரங்களை விழுங்கிய பொதுநலன் 2022இல் ஐந்து ஊர்களை விட்டுவிட்டது. சட்டத்தின் பாதுகாப்பால் அவை பிழைத்தன என்று பயணக் கட்டுரையாளர் எழுதிவிடப்போகிறார். பிழைக்க வைத்தது அரசியலும் எரிபொருள் கணக்கும் மரத்தின் மேல் குடிசை கட்டிக் குளிரில் கிடந்த இளைஞர்களும், பலகை அல்ல.

தப்பிய ஐந்தில் ஒன்று கையன்பெர்க். அதன் திருச்சிலுவைத் தேவாலயத்தின் புனிதநிலையை 2021 நவம்பர் 28 அன்று நீக்கினார்கள். சுமார் பத்து மாதம் கழித்து ஊர் காப்பாற்றப்பட்டது. அதற்குள் மக்களில் பெரும்பாலோர் வீட்டை விற்றுப் புதிய குடியிருப்புக்குப் போயிருந்தனர். இப்போது அங்கே தேவாலயம் இருக்கிறது, தெருக்கள் இருக்கின்றன, பூட்டிய வீடுகள் வரிசையாக இருக்கின்றன. ஊரை மீண்டும் எழுப்புவது எப்படி என்று திட்டங்கள் பேசப்படுகின்றன. சுரங்கக் குழியின் ஒரு பகுதியை ரைன் நீரால் நிரப்பி ஏரியாக்கப்போகிறார்கள். நிரம்பப் பல பத்தாண்டுகள் ஆகுமாம். ஏரிக்கரைக் காட்சி என்று சொல்லி அந்த வீடுகளை யாருக்கு விற்பார்கள் என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும். முதலில் கேட்கவேண்டியது, விற்றுவிட்டுப் போனவர்களைத்தான்.

அடுத்து ஜெர்மனி போகும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கொலோன் பேராலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டபின் அரை நாள் ஒதுக்கிக் கையன்பெர்க் போய்வாருங்கள். தேவாலயத்தையும் பூட்டிய வீடுகளையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து குழியின் விளிம்புவரை நடக்கலாம். அதிகத் தூரமில்லை.