மோட்டாரை மாற்றும் முன் நாசிலைப் பாருங்கள்!

கேள்வி: "ஜவ்வாது மலையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் சாமையும் சில பலா மரங்களும் இருக்கின்றன. விளைச்சலை எங்கள் சின்ன லோடு வண்டியில் நாங்களே போளூருக்கு ஏற்றிப் போகிறோம். ஒரு மாதமாக முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கவில்லை. வாஷர் மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா? நாங்களே சரிபார்க்க முடியுமா? விவசாயப் பகுதியில் இதைக் கேட்கலாமா என்றும் தெரியவில்லை."
- வாசகி, ஜமுனாமரத்தூர் ஒன்றியம்

பதில்: தாராளமாகக் கேட்கலாம், சகோதரி. மூட்டை சந்தைக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும்வரை எல்லாம் விவசாயம்தான். அதிலும் சாமை அறுவடை முடிந்து மூட்டை இறங்கும் நாட்களும் மலையில் பனி மூடும் நாட்களும் ஒன்றாக வருகின்றன. கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ் சேற்றை வாரி அடித்தால், தண்ணீர் இல்லாமல் வைப்பரை மட்டும் போட்டால், சேறு கண்ணாடி முழுக்கப் பரவிவிடும். அடுத்த சில விநாடிகளுக்கு சாலையே தெரியாது. காய்ந்த தூசியின் மேல் வைப்பர் ஓடினால் கண்ணாடியில் கீறல் விழும். அந்தக் கீறல் மாலை வெயிலிலும் எதிர் வண்டி வெளிச்சத்திலும் கண்ணைக் கூச வைக்கும். ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மோட்டாரை உடனே மாற்ற வேண்டியதில்லை. பேட்டரி ஸ்பிரேயரில் மருந்து வரவில்லை என்றால் என்ன செய்கிறீர்கள்? முதலில் நாசில், பிறகு பில்டர், பிறகு டியூப், கடைசியில்தான் மோட்டார். இங்கேயும் அதே வரிசைதான்.

காதால் கேளுங்கள்

வண்டியை சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு சாவியை மட்டும் 'ஆன்' நிலையில் வையுங்கள். ஒருவர் வாஷர் சுவிட்சை இழுக்கட்டும். இன்னொருவர் தண்ணீர் டப்பா அருகில் காதை வைத்துக் கேட்கட்டும். டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், கண்ணாடிக்குக் கீழே உள்ள நாசிலிலிருந்து போகும் டியூபைப் பிடித்துக்கொண்டே போனால் அது டப்பாவில்தான் முடியும். 'உர்ர்' என்ற சத்தம் வருகிறதா, இல்லையா? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை என்றால்

மோட்டார் சுற்றுகிறது என்று பொருள். கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. டப்பாவில் தண்ணீர் இருக்கிறதா? விரிசல் விட்டு ஒழுகினால் வண்டிக்கு அடியில் ஈரம் தெரியும்.

2. நாசிலுக்குப் போகும் டியூபைக் கழற்றிவிட்டு சுவிட்சை இழுக்கச் சொல்லுங்கள். டியூபில் தண்ணீர் பீய்ச்சினால் நாசில்தான் அடைத்திருக்கிறது. மெல்லிய ஊசியால் லேசாகக் குத்தி, சைக்கிள் பம்பால் காற்று அடியுங்கள். ஊசியை அழுத்திக் குடைந்தால் துளை பெரிதாகி, தண்ணீர் கண்ணாடிக்கு எட்டாமல் போகும். வாயால் ஊதவே கூடாது. ஸ்பிரேயர் நாசிலுக்கும் இதே விதிதான்.

3. டியூபிலும் வரவில்லை என்றால், அது எங்காவது கழன்றோ மடங்கியோ இருக்கலாம். களத்து மேட்டில் நிற்கும் வண்டியில் எலி கடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கடித்த இடத்தை வெட்டிவிட்டு இணைப்பு போடலாம். அல்லது அதே அளவு டியூபை மீட்டர் கணக்கில் வாங்கி மாற்றலாம்.

4. டியூபும் சரியாக இருந்தால் டப்பாவின் அடியில் பாசியும் வண்டலும் சேர்ந்து, மோட்டார் தண்ணீர் இழுக்கும் வாயில் உள்ள வலை அடைத்திருக்கும். டப்பாவைக் காலி செய்து கழுவுங்கள்.

சத்தமே இல்லை என்றால்

இது கரன்ட் சம்பந்தப்பட்டது. முதலில் ப்யூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் ப்யூஸையே போடுங்கள். கம்பியைச் சுற்றி ஓட்டினால் வயர் தீப்பிடிக்கும். புதிய ப்யூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

ப்யூஸ் நன்றாக இருந்தால் மோட்டாரில் செருகியிருக்கும் பிளக்கைக் கழற்றுங்கள். பச்சைப் பாசி போல் களிம்பு பிடித்திருந்தால் சுரண்டித் துடையுங்கள். பிறகு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி, அந்த பிளக்கின் இரண்டு முனைகளிலும் வைத்து சுவிட்சை இழுக்கச் சொல்லுங்கள். பல்பு எரிந்தால் கரன்ட் வருகிறது, மோட்டார்தான் போயிருக்கிறது. எரியாவிட்டால் மோட்டார் மேல் பழி போடாதீர்கள். சுவிட்ச், வயர், எர்த் இவற்றில் ஏதோ ஒன்றில் கோளாறு. அப்போது புது மோட்டார் போட்டாலும் தண்ணீர் வராது, காசுதான் வீண்.

மோட்டாரை மாற்றும் முறை

பெரும்பாலான வண்டிகளில் இது டப்பாவின் அடிப்பக்கத்தில் ஒரு ரப்பர் வளையத்தில் செருகியிருக்கும். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். டப்பாவில் உள்ள தண்ணீரை இறக்குங்கள். பிளக்கையும் டியூபையும் எடுத்துவிட்டு, மோட்டாரை லேசாக ஆட்டி ஆட்டி மேலே இழுத்தால் வந்துவிடும். பழைய மோட்டாரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் அதே மாதிரி வாங்குங்கள். ரப்பர் வளையம் விறைத்துப் போயிருந்தால் அதையும் மாற்றுங்கள். புது மோட்டாரின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவினால் எளிதாக உள்ளே இறங்கும். டியூபையும் பிளக்கையும் மாட்டி, தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகு பேட்டரி வயரை இணைத்து சோதியுங்கள்.

பிளக்கை வெட்டி வயரை முறுக்கி இணைக்க நேர்ந்தால் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. கிணற்று மோட்டாரில் பேஸ் மாறினால் தலைகீழாகச் சுற்றித் தண்ணீர் குறையுமே, அதே கதைதான் இங்கும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கிணற்று மோட்டார் கெடுவதுபோல் இதுவும் கெடும். காலி டப்பாவோடு சுவிட்சைத் தொடர்ந்து இழுக்காதீர்கள்.

சரியாகும்வரை ஒரு பாட்டில் தண்ணீரும் சுத்தமான பருத்தித் துணியும் வண்டியிலேயே இருக்கட்டும். கண்ணாடி மங்கினால் வளைவில் நிறுத்தாமல், அகலமான இடம் பார்த்து ஒதுங்கித் துடையுங்கள். முடிந்தால் இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுங்கள். வைப்பர் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் இருக்கிறது.

கேள்வி: "வாஷர் டப்பாவில் போர் தண்ணீரும் துணி சோப்புத் தூளும் போட்டு ஊற்றலாமா?"
- வாசகர், ஆலங்காயம்

பதில்: வேண்டாம். உப்புத் தண்ணீர் நாசிலில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். சோப்புத் தூள் சரியாகக் கரையாமல் அடியில் தங்கும், நுரையும் கண்ணாடியை மறைக்கும். மண்ணெண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். வாஷர் திரவம் கடையில் கிடைக்கிறது. பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் நல்ல தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். அது கிடைக்காதபோது வடிகட்டிய மழைத் தண்ணீர் போதும். ஆனால் அதை மாதக்கணக்கில் தேங்க விடாமல் மாற்றிவிடுங்கள். வெறும் தண்ணீர் தேங்கிய வாஷர் டப்பாவுக்கும் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனேர் நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று இங்கிலாந்தில் 2010-ல் வெளியான ஆய்வு சொன்னது.

இன்னொன்று: பூச்சிமருந்து வந்த கேனிலோ, மருந்து அடித்த ஸ்பிரேயரிலோ எடுத்து இந்த டப்பாவை நிரப்பாதீர்கள். கண்ணாடியில் அடிக்கும் சாரல் திறந்த ஜன்னல் வழியாக உங்கள் முகத்திலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் முகத்திலும்தான் படும்.