நோட்டுப் புத்தகம் போதுமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் நெடுங்காலம் முதலிடம் காத்தது, 2023இலும் 97.85 விழுக்காட்டுடன் அதுவே முதன்மை. மெத்த மகிழ்ச்சி! தேறிய பிள்ளை கல்லூரிக்குச் சென்றதா, சிவகாசிப் பட்டாசு ஆலையின் வேனில் ஏறியதா என்று நாம் கேட்டதுண்டா?

1986ஆம் ஆண்டுச் சட்டமும், மேத்தா வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் சிறுவரை ஆலைகளிலிருந்து விலக்க முனைந்தன. பதினெட்டு நிரம்பியவனுக்கு? அவனைக் கல்லூரியில் சேர்க்க மதிப்பெண் மட்டும் போதாது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் நுணுக்கம் — அத்தனையும் தேர்வு முடிவு வந்த சில வாரங்களுக்குள் வேண்டும். பட்டாசுக்குத் திரி வைக்கும் தாய்க்கு இதனை யார் சொல்வது? 2007இல் நமக்குக் கிடைத்த 3.5 விழுக்காடு இடஒதுக்கீடும் விண்ணப்பிக்கத் தெரிந்தவனுக்கே பயன்.

அரசு 2022 முதல் 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' என்று வழிகாட்டுகிறது. நன்று. ஆயினும் அரங்கில் பலருக்குச் சொல்வது வேறு. திண்ணையில் ஒருவனோடு அமர்ந்து படிவம் நிரப்புவது வேறு.

நம் செல்வந்தர்களோ ஜூன் பிறந்ததும் மேடையிட்டு நோட்டுப் புத்தகம் வழங்கிப் படம் எடுத்துக் கொள்கின்றனர். (பொன்னாடைச் செலவு புத்தகச் செலவை விஞ்சுவதும் உண்டு.) அப்பணத்தில் ஒவ்வொரு மஹல்லாவும் கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர் இருவரை ஊதியத்துக்கு அமர்த்தட்டும் என்கிறோம். "சேவைக்குக் கூலியா?" என்று முகம் சுளிப்போர் உளர். கொத்தனாருக்குக் கூலி கொடுத்துத்தானே பள்ளிவாசல் எழுப்பினோம்? அம்மாணவனும் விடுமுறையில் வேலை தேடும் ஏழை வீட்டுப் பிள்ளையே. ஒவ்வொருவனிடமும் பத்துப் பிள்ளைகளை, மதம் பாராது, ஒப்படையுங்கள். எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தனர் என்று ஆகஸ்டில் கணக்குக் கேளுங்கள்.